எல்லாக் கதவையும் பூட்டச் சொன்னேன்

பழுதுக்கு வரும் போனின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டுவது எங்கள் தொழில் வழக்கம், மேடம். பெயர், என்ன பழுது, பூட்டைத் திறக்கும் எண், இந்த மூன்றும் அதில் இருக்கும். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகத் தயங்குகிறவர்கள்கூட அந்த நான்கு எண்களை எழுதித் தர ஒரு நொடி யோசித்ததில்லை. பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒருவருடைய படத்தையும் நான் திறந்து பார்த்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரார் விஷயம் எனக்கு எதற்கு?

தண்ணீர் வைத்ததற்கு நன்றி. நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்பதைவிட நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு இடம் தவறு. அதையும் கடைசியில் திருத்திவிடலாம்.

என் தங்கை பிசியோதெரபி படித்தவள். விபத்திலோ பக்கவாதத்திலோ படுத்தவர்களைத் திரும்ப நடக்க வைக்கிற வேலை. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அப்பா போனபோது அவள் மூன்றாம் வகுப்பு. அவளை ஆளாக்கியது நான்தான் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொல்வார்கள்.

போன வருடம் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. போகட்டும் என்று நானே சொன்னேன். ஆனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட முடியுமா? கிளம்புவதற்கு முன் பத்து நாள் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். விமான நிலையத்து இலவச வைஃபையைத் தொடாதே. பொது இடத்தில் சார்ஜ் போடாதே. எல்லையில் போனை வாங்கிப் பார்ப்பார்கள், பழைய படங்களையெல்லாம் அழித்துவிட்டுப் போ. ஓசியில் சினிமா இறக்காதே, இறக்கினதை நாலு பேருக்குப் பகிராதே. நம் ஊரில் சிரித்துவிட்டுப் போவார்கள், அங்கே அது குற்றம், விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணா, நான் பயிற்சிக்குப் போறேனா, உளவு பார்க்கப் போறேனா?" என்று அவள் கேட்டாள்.

"வாயை மூடிக்கிட்டுக் கேளுடி. அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது" என்றாள் அம்மா.

அவளுடைய லேப்டாப்பை நான்தான் தயார் செய்தேன். வி.பி.என். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூடிய குழாய் மாதிரி. அவள் உலகத்தின் எந்த மூலையில் இணையத்தைத் திறந்தாலும் அது அந்தக் குழாய் வழியாக என் கடையின் பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே போகும். வழியில் எவனும் எட்டிப் பார்க்க முடியாது. கூடவே இன்னொரு சின்ன மென்பொருள். அவள் திரை என் திரையில் தெரியும். பழுது வந்தால் இங்கிருந்தபடியே சரிசெய்யலாம். குழாயின் இந்த முனையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு வேலைக்கு நடுவே. கழற்றிய திருகாணிகளைக் காந்தத் தட்டில் வைத்துவிட்டு ஒரு பார்வை, புதுத் திரை ஒட்டியது காய்வதற்குள் ஒரு பார்வை. அடுப்பில் பால் வைத்தவர்கள் அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

இரண்டாம் மாதம் அவள் கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

"அண்ணா, யாரோ என் லேப்டாப்பைத் தொடறாங்க. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அம்புக்குறி தானா நகர்ந்துச்சு."

அது என் கை. தெரியாமல் பட்டுவிட்டது.

"ரூம்ல உன்கூட வேற யார் இருக்கா?" என்று கேட்டேன்.

"நெட்டை மட்டும்தான். சேச்சே, அவ அப்படியெல்லாம் இல்லண்ணா."

"நான் அவள்னு சொல்லலையே, பாப்பா. யார் இருக்கான்னுதான் கேட்டேன்."

இவ்வளவுதான் சொன்னேன். நெட்டை என்பது அவளோடு தங்கியிருந்த பெண். எக்ஸ்ரே பிரிவில் பயிற்சிக்கு வந்தவள், நம் மொழிக்காரி. நிலைப்படியில் குனிந்துதான் வருவாளாம், அதனால் அந்தப் பெயர். இருவரும் ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த போன் பேச்சுக்குப் பிறகு என் தங்கை பாஸ்வேர்டை மாற்றினாள். குளிக்கப் போனாலும் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பழக்கங்கள்தான். புதுப் பாஸ்வேர்டை மறக்காமல் எனக்கும் அனுப்பினாள்.

நெட்டை கெட்டிக்காரி. ஒருநாள் நேராகவே கேட்டிருக்கிறாள்: "என்மேல சந்தேகப்படறே, சரி. இந்த லேப்டாப்பை உனக்கு செட் பண்ணிக் கொடுத்தது யாரு?" என் தங்கைக்குக் கண் சிவந்துவிட்டது. "எங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அவளோடு பேச்சை நிறுத்தினாள். மறுநாள் நெட்டை வேறு அறைக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் தங்கை எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். அவள் எழுதும்போதே நான் படித்துவிட்டேன். இருந்தாலும் அனுப்பியதும் இன்னொரு தடவை படித்தேன். அண்ணனைச் சொன்னதும் எப்படிக் கோபம் வந்திருக்கிறது பாருங்கள்.

அதனால்தான் நான்காம் மாதம் வந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் புரியாமல் போனது.

அவளுடைய பிரிவின் தலைமை மருத்துவர் மூன்று வருட வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். தங்கும் இடமும் உண்டு, தாயாரையும் அழைத்துக்கொள்ளலாம். அதை அவள் எனக்கு எழுதவில்லை. அம்மாவுக்கு எழுதினாள். கோட்டு தைக்க வேண்டும், தோள் அளவு எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தாள். அண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள். அம்மா எழுதாமல், குரலைப் பதிவுசெய்து பதில் அனுப்பினாள்: "சரிடி. அவன்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன். அவன் பிடியிலேருந்து நீயாவது கொஞ்சம் மூச்சு விடு."

அம்மாவின் போனும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். அந்தக் குரல்பதிவை நான் பதினோரு தடவை கேட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். ஒரு போன் வேலை செய்யவில்லை என்றால் அதைத் தூக்கிச் சுவரில் அடிப்பவன் நல்ல மெக்கானிக் இல்லை. பழுது எங்கே என்று பார்க்க வேண்டும். பழுது அந்த ஊர்.

அவளை எதைச் சொல்லிப் பயமுறுத்தினேனோ அதுவே வழியாக இருந்தது. சினிமா பகிர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் நோயாளிகளிடம் போயிருந்தாள். லேப்டாப் பணியாளர் அறையில் திறந்தபடி இருந்தது, மருத்துவமனை வைஃபையில். கடையில் கூட்டமில்லை. கோப்புகளைப் பகிரும் மென்பொருள் ஒன்றை அவள் லேப்டாப்பில் ஏற்றினேன். அது நம்மிடம் இருப்பதை ஊர் உலகத்துக்கெல்லாம் தானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். அவள் வேலைக்கான ஃபோல்டரிலேயே மூன்று புதுச் சினிமாக்களைப் போட்டேன். பிறகு மூடிய குழாயை நிறுத்தினேன். அது ஓடினால் என் கடையின் முகவரி அல்லவா வெளியே தெரியும். மத்தியானம் பெயர் போடாமல் மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். தேதி, நேரம், எந்த அறை, எல்லாம் சரியாகக் குறித்திருந்தேன். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

அந்த ஃபோல்டரில் நோயாளிகளின் வீடியோக்களும் இருந்தன. எழுபத்துநான்கு பேர். நேற்றைய நடை, இன்றைய நடை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்தவை. கையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகுகிறவர்கள், அரைகுறை உடையில் காலைத் தூக்க முடியாமல் அழுகிறவர்கள். முழு ஃபோல்டரும் வெளியே போனது. சாயங்காலத்துக்குள் எத்தனை நாட்டுக்குப் போனது என்று மருத்துவமனைக்காரர்களாலும் எண்ண முடியவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஒரு பெண் விபத்துக்குப் பிறகு முதல் அடி வைத்து விழுகிற காட்சியை எவனோ சிரிப்புப் பாட்டு போட்டுச் சுற்றவிட்டான். அந்தப் பெண் அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வரவில்லையாம். வீட்டைவிட்டே வெளியே வருவதில்லையாம். இதை நீங்கள்தான் நேற்று சொன்னீர்கள்.

மூன்றாம் நாள் அந்த ஊர்ப் போலீசார் என் தங்கையைப் பிடித்தார்கள். இன்றோடு நாற்பத்தோரு நாள். அவளுக்கு யாரைக் கைகாட்டுவது என்று தெரியவில்லை. நெட்டையின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணையும் விசாரித்து, பயிற்சியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு காகிதத்தில் என் போன் எண்ணை எழுதிக் கொடுத்து, "எங்க அண்ணனைக் கேளுங்க, அவருக்கு இதெல்லாம் தெரியும், அவர் கண்டுபிடிச்சிடுவார்" என்றாளாம். அவர்கள் கூப்பிட்டார்கள். பொறுமையாகப் பேசினேன். கூட இருந்தவர்களை நன்றாக விசாரியுங்கள் என்றேன்.

எங்கே தவறினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. ஆறுதலாக, "விடும்மா, நீ அங்க போயிருந்தாலும் அந்தக் குளிர் உன் முட்டிக்கு ஒத்துக்கிட்டிருக்காது" என்றேன்.

அம்மா திரும்பினாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"நான் போறதா உனக்கு யார் சொன்னா?"

"பாப்பாதான்" என்றேன்.

அம்மா குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை, சார்ஜ் நிற்கவில்லை என்று சொல்லித் தன் போனை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக் கடைக்குப் போயிருக்கிறாள். அந்தக் கடைக்காரனைத் திருகாணிக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று நான் இத்தனை வருடம் கேலி செய்திருக்கிறேன். அந்த போனில் நான் ஏற்றி வைத்திருந்த மென்பொருளைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். தேறிவிட்டான் என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கிருந்து அம்மா நேராக உங்களிடம் வந்தாள். பெற்ற பிள்ளை கடையில் உட்கார்ந்திருக்க, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வீட்டில் நடக்கும் இது?

இப்போது அந்தத் திருத்தம். முழு ஃபோல்டரும் போனது கவனக்குறைவு என்று நேற்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள்.

அந்த மென்பொருளில் இரண்டு கட்டம் இருக்கும். தேர்ந்தெடுத்த கோப்புகள் மட்டும் என்று மேலே ஒன்று, முழு ஃபோல்டரும் என்று கீழே ஒன்று. நான் அந்த நாட்டுச் சட்டத்தை முந்தின நாளே திரும்பப் படித்துவிட்டேன். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது பழைய விதி. இப்போது சினிமா மட்டும் என்றால் முதல் தடவை எச்சரித்து விட்டுவிடுவார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பாள். நான்கு மாதம் அந்தத் திரையைப் பார்த்திருக்கிறேன், மேடம். எழுபத்துநான்கு பேரின் நடையும் எனக்குத் தெரியும். யார் எந்தக் காலை இழுப்பார்கள் என்றுகூடச் சொல்வேன். என் தொழிலில் கை நடுங்கக் கூடாது. மேல் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். கீழே போட்டேன். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார், அவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்தேன்.

இதில் கையெழுத்துப் போட்டால் அவளை விட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். பாஸ்வேர்டை வெளியாளிடம் கொடுத்த குற்றம் மட்டும் அவள்மேல் நிற்கும். இனி எந்த மருத்துவமனையிலும் நோயாளிகளைத் தொட முடியாது, அந்த நாட்டுக்கும் திரும்பப் போக முடியாது, அடுத்த விமானத்தில் இங்கே அனுப்பிவிடுவார்கள். வெளியாள் என்ற சொல் சரியில்லை. மற்றபடி எல்லாம் சரி. பேனாவைக் கொடுங்கள்.

நான் சில வருடம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும், தெரியும். ஒரு உதவி மட்டும். கடையில் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு புதுப் போன் இருக்கிறது. அவளுக்காகவே வாங்கியது. எல்லாம் ஏற்றித் தயாராக வைத்திருக்கிறேன், பூட்டு எண்கூடப் போட்டாயிற்று. முதுகில் சீட்டு ஒட்டவில்லை; அந்த எண் எனக்கு மனப்பாடம். விமான நிலையத்திலேயே அவள் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பாவம், தனியாக வருகிறாள். சுற்றி இருப்பவர்களில் எவன் என்ன எண்ணத்தோடு இருக்கிறான் என்று யார் கண்டது?