சைக்கிள் மிதித்துச் செய்த இசை

பிள்ளைகளே, இன்று நெல்லியடி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா, "அந்த இசையிலை என்ரை காலும் கிடக்கு" என்றார். என் காது தானாக அங்கே போய்விட்டது. அவருடைய கணவர் போன மாதம் காலமானவராம். இங்கே மின்னிசைக் கருவியால் முதன்முதலில் படத்துக்கு இசையமைத்தவராம். பக்கத்தில் இருந்தவர் கணவரின் தம்பி.

"அண்ணி, முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அண்ணையின்ரை முதல் படத்தைப் போட்டுக்காட்டப் போறம். நடுவிலை சுருதி இழுபடுது. ஸ்ரூடியோவிலை திருத்தக் குடுத்திருக்கிறன்."

"அது பிழையில்லைத் தம்பி. சண்டைக் காலம், கரண்ட் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு நான் மிதிக்க, அந்த டைனமோக் கரண்டிலை அவர் கீபோட் வாசிச்சவர். நான் களைச்சால் சுருதி இறங்கும்."

"அண்ணை ஏசேல்லையோ?"

"ஏசாமல்? 'இஞ்சை, சோகக் கட்டம் முடிஞ்சுது, இனிக் கெதியா மிதி' எண்டுவார்."

தம்பி சிரித்துவிட்டார். "எண்டாலும் சனம் அண்ணைதான் பிழை விட்டவர் எண்டு நினைக்குமே?"

"அதைத் திருத்தினால் நான் மிதிச்சதே இல்லாமல் போயிடும். படம் முடியேக்கை என்ரை பேரையும் போடட்டோ எண்டு அவர் கேட்டவர். மிதிச்சதுக்கும் பேரோ எண்டு நான்தான் மறிச்சனான். இப்ப போடு."

"என்னெண்டு போட?"

"இசை அவர், கரண்ட் நான் எண்டு போடு."

தம்பி உடனே ஸ்ரூடியோவுக்குப் போன் எடுத்தார்.

"ஒண்டையும் திருத்தாதேங்கோ. ஓம், அப்பிடியே விடுங்கோ. ஒரு பேர் மட்டும் சேர்க்கவேணும்."