தாலிக்குப் பிறகு, பதிவுக்கு முன்

மூன்றாவது குண்டு விழுகிறது. முதலில் விசில் போன்ற நீண்ட ஒலி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தரை எழும்பி அடங்குகிறது. செவ்வாய்க்கிழமை, விடிகாலை. நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறேன். என் மகள். பன்னிரண்டு வயது. காலில் செருப்பில்லை.

"ஓடுங்க! கீழ ஓடுங்க!"

கத்துவது ஷாலினி. பக்கத்து வீடு. பினாங்கிலிருந்து எங்களோடு இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவள். தன் குழந்தை மீராவை என் கையில் திணிக்கிறாள்.

"அக்கா, இவள புடிங்க! ரவி கால் மாட்டிக்கிச்சு! நான் இழுத்துட்டு வரேன்!"

ரவி அவள் கணவன். அவள் மேலே ஓடினாள். நான்காவது குண்டில் படிக்கட்டின் மேல்பாதி இல்லாமல் போனது.

என் கணவர் துறைமுகத்தில் இரவு வேலையில் இருந்தார். அங்கும் விழுந்தது. மறுநாள்தான் எனக்குச் சொன்னார்கள்.

இரண்டு பிள்ளைகளோடு மலேசியாவுக்கு, பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பினேன். மீராவுக்கு நான்கு வயது. என்னைப் பெரியம்மா என்பாள். கதவு அறைந்தால் மேசைக்கடியில் போய்விடுவாள். நானும் அப்படித்தான். ஆனால் அவளை யாராவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் மட்டும் எனக்கு இல்லை. தாள் இருந்தது.

வேலைக்குக் கிளம்புமுன் நாங்கள் இரண்டு குடும்பமும் உயில் எழுதியிருந்தோம். எங்களுக்கு ஏதாவது ஆனால் நிலாவுக்கு ஷாலினி பாதுகாவலர். அவர்களுக்கு ஏதாவது ஆனால் மீராவுக்கு நான். மீரா அப்போது கைக்குழந்தை. கல்யாணமாகிவிட்டதா என்று எழுதியவர் கேட்டார். ஆமாம் என்றார்கள் ஷாலினியும் ரவியும். பொய்யில்லை. கோயிலில் தாலி கட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ரவியின் அண்ணன் மீராவைக் கேட்டு சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்தார். என் வீட்டு வாசலில் நின்று அழுதார்.

"எங்க தம்பி ரத்தம்க்கா. நீங்க நல்லவங்கதான். ஆனா நீங்க யாரு?"

தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். இளம்பெண். இரண்டு முறை படித்தாள்.

"அக்கா, இவங்க கல்யாணத்த எப்போ ரெஜிஸ்டர் பண்ணாங்க?"

எனக்கு நன்றாக நினைவிருந்தது. உயில் எழுதிய பிறகு. விசாவுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். பதிவு அலுவலகத்தில் மீரா என் மடியில் இருந்தாள். "பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னாடியே புள்ள வந்து உக்காந்திருச்சு லா" என்றார் என் கணவர். ரவி வெட்கப்பட்டான். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

"அதான் பிரச்சனை. சட்டத்துக்கு அன்னைக்குத்தான் கல்யாணம். கல்யாணம் ஆனா அதுக்கு முந்தி எழுதுன உயில் செல்லாது. மறுபடி எழுதியிருக்கணும்."

யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் உயிலையும் காட்டினேன். எங்கள் திருமணம் பல வருடங்களுக்கு முன்பே பதிவானது. உயில் செல்லும் என்றாள். அதில் பாதுகாவலர் ஷாலினி. செல்லும் தாளில் இருப்பவள் உயிரோடு இல்லை. உயிரோடு இருக்கும் என்னைச் சொல்லும் தாள் செல்லாது.

வழக்குப் போட்டோம். பெற்றோரின் விருப்பம் இதுவென்று அந்தத் தாளைக் காட்டினோம். நீதிபதி குழந்தையின் நலனைப் பார்த்தார். அங்கே அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். இங்கே தூங்காத ஒருத்தி, அவள் மகள். மீராவை அவர்களிடம் கொடுத்தார்கள். காரில் ஏறும்போது அவள் அழவில்லை. பட்டாசு வெடிக்கும் வீடா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

இதைப் படிப்பவர்களே, உங்கள் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கல்யாணத்தைப் பதிந்த தேதிக்கு முந்தியதா என்று பாருங்கள்.

இழந்தவை: ஒரு வீடு. நிலாவின் இடது காதின் கேட்கும் திறன். இழந்தவர்கள் நான்கு பேர். என் கணவர். ஷாலினி. ரவி. நான்காமவள் உயிரோடு இருக்கிறாள். இன்று காலை பாலர் பள்ளிக்குப் போயிருப்பாள்.