பழைய பதிவேட்டைக் காத்த பெருந்தகைக்கு

பெருமாநல்லூர் பெற்றெடுத்த பெருந்தகையே! நம் பனியன் கம்பெனி வாயிலில் இருபதாண்டு அமர்ந்து, எங்கள் வருகையை நாள் தவறாமல், நடுநிலை தவறாமல் எழுதிய நேரக் காப்பாளரே! எங்கள் கியாசுதீன் பாய் அவர்களே! வணக்கம்.

இன்று தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். முதலாளி வரவில்லை, ஒரு மாலைகூட அனுப்பவில்லை. ஆகவே இந்த டீக்கடை மாடியில் நாங்களே கூடியிருக்கிறோம்.

1991இல் நூல் விலை ஏறியது, வெளிநாட்டு ஆர்டர் நின்றது. அவ்வாண்டு ஆயுத பூஜையன்று, சந்தனமும் குங்குமமும் வைத்த புதுப் பதிவேட்டை நீட்டி, மேலாளர் எல்லோரையும் கையெழுத்திடச் சொன்னார். பூஜையில் புதுப் புத்தகம் தொடங்குவது வழக்கந்தானே என்று வரிசையில் நின்றோம். தாங்கள் ஒருவரே முதல் பக்கத்தைப் படித்துப் பதறினீர்கள்.

"கையெழுத்துப் போடாதீங்க! இன்னைக்குத்தான் புதுசா வேலைக்குச் சேர்றதா எழுதியிருக்குதுங்க. உங்க சர்வீஸ் அத்தனையும் போயிருமுங்க!"

"எங்க பூஜைக்குள்ள உங்களுக்கென்னங்க வேலை, பாய்?" என்று கேட்டவன், இம்மடலை வாசிக்கும் வெள்ளியங்கிரியாகிய நானே. தாங்கள் வரிசையை விட்டு விலகினீர்கள். அறுபத்திரண்டு பேரும் கையெழுத்திட்டோம்.

தை பிறந்தது, வழி பிறக்கவில்லை. புது ஆட்கள்தானே என்று ஒரே நாளில் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். பன்னிரண்டு ஆண்டு தைத்த பூவாத்தாளும் புது ஆளாம்! என்ன அநியாயம்! அப்போது, எடைக்குப் போடச் சொன்ன பழைய பதிவேடுகளைத் தம் வீட்டில் பாதுகாத்து, தொழிலாளர் அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்து, அவமதித்த எங்களுக்காகவே சாட்சி சொன்ன அண்ணலே! வழக்கு நான்காண்டு இழுத்தது. பசி அவ்வளவு நாள் பொறுக்குமா? பூவாத்தாள் உட்பட முப்பத்தொன்பது பேர் கிடைத்த கூலிக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய இருபத்து மூவருக்கே வேலையும் பழைய சர்வீசும் மீண்டன.

சாட்சி சொன்ன மறுநாளே தங்களைச் சன்னலில்லாத வேஸ்ட் குடோனுக்கு மாற்றினார்கள். தாமாகவே ஓடிவிடுவார் என்று மேலாளர் கணக்குப் போட்டார். ஏழாண்டு பஞ்சுத் தூசியைத் தின்று, தலை நிமிர்ந்தே நின்றீர்கள்!

நீடூழி வாழ்க என்று முடிப்பதே மரபு. சற்றுமுன் இந்தப் பதினாறு படியேற மூன்று இடத்தில் நின்று தாங்கள் மூச்சு வாங்கியதைப் பார்த்தபின், அச்சொல் எங்கள் வாயில் வரவில்லை. எங்கள் வேலை மீண்டது. தங்கள் நுரையீரல் மீளாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மன்னித்துவிடுங்கள், பாய். இனி விடும் மூச்சேனும் வலியில்லாமல் இருக்கட்டும்.

இங்ஙனம்,
வேலை மீண்ட இருபத்து மூவர்
திருப்பூர், 1999