காயின்ல கட்டுன சீர் கிரைண்டரு

அட, சிரிங்க யூனுஸ் பாய், நல்லாச் சிரிங்க! உங்க கடைய உட்டுப்போட்டு ஆன்லைன்ல கிரைண்டரு வாங்கப் போனவன் நானு. சிரிக்காம என்ன பண்ணுவீங்க? அதும் எதுல கட்டி? காயின்லீங்க. கிரிப்டோ! பாக்கெட்டுல போட்டாச் சத்தம் வராது, கையில தொட முடியாது... ஆனா காசாமா!

எல்லாம் எம்பட புள்ள நவ்யாதானுங்க. ஐடி கம்பெனிக்காரி. மூக்கத் தூக்கிட்டுச் சொல்லுவா பாருங்க, "அப்பா, இன்னும் நோட்டயே எண்ணிட்டு இருக்கறீங்களே! காயின்ல கட்டுனா இருவது பெர்சன்ட் தள்ளுபடிங்கப்பா!" தள்ளுபடின்னா நமக்குக் காது விடைச்சுக்குமல்லங்க? காயின வாங்கிப்போட்டேன். பால்காரர்கிட்ட, "இந்தக் காயினு ஆகுங்களா?"ன்னேன். மனுசன் என்னைய மேலயும் கீழயும் பாத்துப்போட்டு, "ஏனுங்கண்ணா, தண்ணி கலக்காம ஊத்துனதுக்கா இந்தத் தண்டனை?"ங்கறாரு!

சித்த கேளுங்க. தங்கச்சி பங்காரம்மா வெள்ளகோவில்ல ஊடு கட்டியிருக்குதல்ல? நாளைக்குப் பால் காய்ச்சறாங்க. இன்னைக்குப் பொழுதோட அண்ணன் சீரு போய் எறங்கோணும். கிரைண்டரு இல்லாமப் போனேன்னு வைங்க, அவ மாமியா... "ஏங் கண்ணு, உங்கண்ணன் காத்து வாங்க வந்தாராக்கும்?" அய்யய்யோ, அந்த வாயி!

அந்த வெப்சைட்டுக்காரன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? காயின வாங்கிப்போட்டான், ஆர்டரக் கேன்சல் பண்ணிப்போட்டான்! கேட்டா, "டியர் கஸ்டமர், டைம் முடிஞ்சுது. பரிசீலிக்கறோம்." பேசறது மெசினுங்க! அதுகிட்டப் போயி நானு வாங்க போங்கன்னு மரியாதையாக் கெஞ்சறேன்!

என்னது, ஏன் லேட்டாக் கட்டுனேனா? அவன் பதினஞ்சு நிமிசந்தானுங்க குடுத்தான். அதுக்கு மேல போனாக் காயினு வெல மாறிப்போகுமாமா. ராகுகாலம் முடிய இருவது நிமிசம் கெடக்குது! தங்கச்சிக்குச் செய்யற சீரு, ராகுகாலத்துல எப்படிங்க பட்டன அமுக்கறது? புள்ள கத்தறா, "அமுக்குங்கப்பா, அமுக்குங்க!" நான் அசையலையே! முடிஞ்சதும் சாமியக் கும்புட்டுப்போட்டு ஒரே அமுக்கு...

அத உடுங்க. இதானுங்களா கடைசி பீஸு? ஜம்முனு இருக்குது. எனக்குத்தான், வெச்சிருங்க. பில்லா? இப்பவேங்களா? மணி என்னாச்சு... பாய், ஒரு பத்து நிமிசம் பொறுங்க. இன்னைக்கும் அது ஓடிட்டு இருக்குதல்ல? முடியட்டும், அதுவரைக்கும் பேசிட்டு இருப்போம்...

ஏனுங் பாய்! யாருங்க அந்தம்மா? ஸ்கேன் பண்ணிக் காசு கட்டிப்போட்டாங்களா? அட, என்ற கிரைண்டர ஆட்டோவுல ஏத்தறாங்க! அம்மணி, ஏனுங் அம்மணி! நில்லுங்க! ராகுகாலத்துல வாங்குனா ஊட்டுக்கு ஆகாதுங்க... எறக்கி என்றகிட்டக் குடுத்துப்போட்டுப் போங்க!