மிதக்காத கவுன்

சட்டைப் பொத்தானை யார் தைத்தாலும் சட்டை மூடிக்கொள்ளும். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் என் கணவரின் நீலச் சட்டையில் இருந்த ஒரு பொத்தானை நான் தைக்கவில்லை. நான் நூலைக் குறுக்கே போட்டுத் தைப்பவள். அது நேராகத் தைக்கப்பட்டிருந்தது. அதுவும் என்ன தையல்! அடியில் ஒரு முடிச்சு, அது அவிழ்ந்துவிடுமோ என்று அதன்மேல் ஒரு முடிச்சு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. ஊசியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த கை. துவைக்கப் போட எடுத்த சட்டையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பொத்தான் எப்படி அறுந்தது என்று நான் யோசிக்கவில்லை. இவ்வளவு கேவலமான தையலைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் நாள் முழுக்க ஊரைச் சுற்றியிருக்கிறாரே, எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும் என்றுதான் யோசித்தேன்.

நான் சினிமாவுக்கு உடை தைப்பவள். அவர் இயக்குநர். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டேஷனுக்குள் வந்தபோதே உங்கள் ஆட்களில் ஒருவர் எழுந்து நின்று, "சாரோட படம் பாத்து அழுதேன் மேடம்" என்றார். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், பக்கத்தில் கேமரா இருந்தது.

தைத்தது யார் என்று கண்டுபிடிக்க நான் அலையவில்லை. அடுத்த வாரம் கதாநாயகி அளவு கொடுக்க வந்தாள். ஆள்காட்டி விரலில் சின்னதாக பிளாஸ்திரி.

"என்னம்மா, விரல்ல?" என்றேன்.

"ஊசி குத்திடுச்சு மேடம்" என்று சிரித்தாள்.

"ஊசியெல்லாம் நீங்க ஏன் தொடறீங்க? அதுக்குத்தானே நான் இருக்கேன்."

அவள் முகம் சிவந்தது. மறைக்கத் தெரியாத பெண். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்து அளவெடுத்து, உதவியாளரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். டேப்பை வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகம் இறுக்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

அந்தப் படத்தின் கதையை நீங்கள் மறந்திருந்தால் சொல்கிறேன். நல்லவன் ஒருவன். கல்யாணமானவன். இன்னொருத்தியைக் காதலிக்கிறான். பாவம், அவனால் என்ன செய்ய முடியும்? மழை பெய்கிறது, பின்னணியில் வயலின் வாசிக்கிறார்கள். மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் சமையலறையில் நின்றபடி, "நீங்க சந்தோஷமா இருந்தா எனக்கு அது போதும்" என்கிறாள். அந்த வசனத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டியபோது, நான் அப்படி எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. சரி, இனிமேல் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அந்த இன்னொருத்தி குற்ற உணர்ச்சி தாங்காமல் தண்ணீரில் இறங்கிப் போய்விடுகிறாள். மனைவிக்குக் கணவன் திரும்பக் கிடைக்கிறான். துரோகத்தின் விளைவுகள் பற்றிய படம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். விளைவு என்று பார்த்தால் அவனுக்குத் தாடி வளர்ந்தது.

"அந்த மனைவிக்கு என்ன டிரஸ் யோசிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"உன் டிரஸ் மாதிரியே இருக்கட்டும். கொஞ்சம் வெளுத்து, தொளதொளன்னு."

"வெளுத்த மாதிரி தைக்க முடியாதுங்க. துவைச்சுத் துவைச்சுத்தான் வரும்."

"அப்ப உன்னோடதையே குடுத்துடேன்" என்றார், சந்தோஷமாக.

கொடுத்தேன். என் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அந்த நடிகை கணவனை மன்னித்தாள். கனகச்சிதமாக இருந்தது.

இனி கவுனுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதும் அதைத்தான்.

கிளைமாக்ஸில் கதாநாயகி யானைத்தந்த நிறக் கவுனோடு தண்ணீருக்குள் நடந்து போக வேண்டும். கேமரா பின்னாலிருந்து பார்க்கும். முழங்கால், இடுப்பு, தோள், தலை. பிறகு வெறும் தண்ணீர். ஸ்டுடியோ தொட்டியில் முதலில் ஒத்திகை பார்த்தோம். கவுனுக்குள் காற்று புகுந்து உப்பிக்கொண்டு மேலே வந்துவிட்டது. லைட்மேன்கள் சிரித்தார்கள்.

"குடை மாதிரி விரியுது. சாகப் போறவ குடை பிடிச்சிட்டா போவா?" என்றார் என் கணவர்.

அதனால் கவுனின் பாவாடைப் பகுதி ஓரத்து மடிப்புக்குள் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தேன். இது ஒன்றும் ரகசிய வித்தை இல்லை. துணி பறக்காமல் இருக்க எல்லோரும் செய்வதுதான். கூடவே இடுப்பில் ஒரு நாடா வைத்தேன். தண்ணீருக்குள் போனதும் அதை இழுத்தால் பாவாடை முழுக்கக் கழன்றுவிடும். உள்ளிருப்பவள் நீந்தி, கேமராவுக்குப் படாமல் ஓரமாகக் கரையேறிவிடலாம். சண்டைப் பயிற்சியாளர் வந்து தன் கையாலேயே இழுத்துப் பார்த்துத் திருப்தியாகப் போனார். பொறுப்பான மனிதர். அவரை நீங்கள் விசாரித்தபோது அவர் சொன்னதெல்லாம் உண்மை.

அவர் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அந்த நாடாவை உள்ளே வைத்துத் தைத்தேன். வெளியே தொங்கும் முனை அப்படியே இருக்கும். எவ்வளவு இழுத்தாலும் வராது. இரட்டை நூல். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஈயம் சேர்த்தேன். இம்மாதிரி காரியங்களை இருட்டில், கை நடுங்கச் செய்வதாகப் படங்களில் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் தையல் கோணிப்போகும். நான் மத்தியானம், ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டே தைத்தேன். நடுவில் என் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "கவுன் ரெடியாம்மா?" என்றார். "ரெடிங்க" என்றேன்.

நீர் நிறைந்த ஒரு பழைய கல் குவாரியில் படப்பிடிப்பு. கதாநாயகி வந்தாள், செருப்பைக் கழற்றினாள், கால் விரலைத் தண்ணீரில் வைத்தாள், எடுத்துவிட்டாள்.

"ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு. நாளைக்கு க்ளோஸ்-அப் இருக்கு சார், சளி பிடிச்சா மூக்கு சிவந்துடும்."

"சரிம்மா, நீ வண்டியில உக்காரு. முதுகுதானே தெரியப்போகுது, வாத்து பண்ணட்டும்" என்றார் என் கணவர். பிரியமான குரல். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வாத்து என்பது டூப் போட வந்த பெண். தரையில் கொஞ்சம் ஆடி ஆடி நடப்பாள், தண்ணீரில் விட்டால் அவளைப் பிடிக்க முடியாது. அதனால் யூனிட்டில் வைத்த பெயர். மற்ற நாட்களில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பாள். அவள் கணவன் பஸ் டிரைவர். மனைவி சினிமாவில் நடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பற்றித் தவறாக நினைக்கக் கூடாது. நான் சொன்னேன். என் கணவரிடம் போய், "இடுப்புல கொஞ்சம் பிரிச்சுத் தைக்கணும், இவ உடம்பு வேற மாதிரி" என்றேன்.

"இப்பவா? வெயில் போயிடும்மா. பின் குத்தி அனுப்பு."

"சரிங்க" என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அவர் கேட்கவில்லை என்றால் அது அவர் பொறுப்பு. அதற்கு மேல் எதையாவது சொல்லப் போனால் ஏன், எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கும். அத்தனை பேர் முன்னால் குடும்ப விஷயத்தைப் பேச எனக்குப் பிடிக்காது.

கூடாரத்துக்குள் வாத்துக்குக் கவுனை மாட்டிவிட்டேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு டிரஸ் போட்டதில்லக்கா. அவரைக் கூப்பிடட்டுமா? ஒரு போட்டோ எடுத்துக்கறோம்."

அவன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். "நீயா இது?" என்றான். நான்தான் அவர்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுத்தேன். நல்ல படம். அவனிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அவன் போனதும் அவள் பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, இந்தக் கனம் கனக்குது?"

"தண்ணிக்குள்ள தெரியாதும்மா."

"நாடாவ ஒரு தடவ இழுத்துப் பாத்துக்கட்டுமா?"

"இழுத்தா மறுபடி கோக்க நேரமாகும். உள்ள போயி இழுத்துக்கோ."

"சரிக்கா" என்றாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். இந்தக் காலத்தில் அபூர்வம்.

அவள் நடந்தாள். ஆடாமல், நிமிர்ந்து, மெதுவாக நடந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. கவுன் மிதக்கவில்லை. நீர்மேல் ஒரு சுருக்கம்கூட எழாமல் அவளோடு இறங்கியது. அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. தலை மறைந்தது. வட்டம் வட்டமாக அலை வந்து கரையில் அடங்கியது. கண்ணாடி போல் தண்ணீர்.

நீச்சல் தெரிந்தவர்கள் இருவர் பாறைக்குப் பின்னால் தயாராக இருந்தார்கள். "கட்" என்ற பிறகுதான் குதிக்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. என் கணவர் கையை உயர்த்தியபடி நின்றார். "இருக்கட்டும்... அப்படியே இருக்கட்டும்" என்று முணுமுணுத்தார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. அழகைக் கண்டால் அவருக்கு அப்படித்தான்.

டிரைவர் என் பக்கத்தில் துண்டோடு நின்றான்.

"ரொம்ப நேரம் மூச்சு பிடிப்பாக்கா. நான் பயப்படணும்னே வேணும்னு பிடிப்பா" என்றான் பெருமையாக.

"அப்படியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கமா ஏறியிருப்பாளோ?" என்றான்.

"ஏறியிருப்பா."

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, துண்டைப் போட்டுவிட்டு ஷூவோடு ஓடித் தண்ணீரில் விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அவன் விழுந்த சத்தத்தில்தான் என் கணவர் "கட்" என்றார், எரிச்சலாக, ஷாட் கெட்டுவிட்டதே என்று. குதித்த இருவரும் முதலில் கையில் அகப்பட்ட அவனைத்தான் தூக்கினார்கள். அவள் அதற்குப் பிறகு வந்தாள்.

கரையில் கவுனைக் கழற்ற யாராலும் முடியவில்லை. நான்தான் இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்து வெட்டினேன். நாடாவை, மடிப்பை, எல்லாவற்றையும் துண்டு துண்டாக. அந்த நிலைமையிலும் என் கை நடுங்கவில்லை என்று பிறகு எல்லோரும் மெச்சினார்கள். ஈரத்துணி காலில் சுற்றிக்கொண்டது, விபத்து என்று முடிவானது. சண்டைப் பயிற்சியாளரை அதன்பின் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

படம் வெளிவந்தது. அந்த ஷாட்டை அவர் நீக்கவில்லை; அவளுக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லி அப்படியே வைத்திருந்தார். டிரைவர் விழுவதற்கு முன்னால் வெட்டியிருந்தார். கதாநாயகிக்கு அதற்குப் பின் குற்ற உணர்ச்சி, தூக்கமின்மை. வேறு ஊருக்குப் போய்விட்டாள். என் கணவர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். தாடியும் வளர்த்தார். வெளியே போனால் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையில் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தார். பார்க்கப்போனால், அவர் எழுதியபடியே எல்லாம் நடந்தது. நல்ல எழுத்தாளர்.

அப்படியிருக்க இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், படிக்க நன்றாக இருக்கும்.

போன வாரம் அவர் தன் அடுத்த படத்தின் கதையைப் படித்துக் காட்டினார். ஓர் இயக்குநர். மகா கலைஞன். அழகில் மயங்கி "கட்" சொல்லத் தாமதிக்கிறான். ஒரு பெண் இறந்துபோகிறாள். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு வாழ்நாள் முழுக்கத் தவிக்கிறான். படித்துக்கொண்டே விம்மினார். "நான்தாம்மா அவளைக் கொன்னேன். என் கலை கொன்னுடுச்சு" என்றார். கதையில் ஒரு மனைவியும் வருகிறாள். காபி கொண்டுவந்து வைத்து, அவன் தோளில் கைபோட்டு, "தப்பு உங்களோடது இல்லீங்க" என்கிறாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது.

"அந்தக் கவுன் பத்தி ஒண்ணும் வரலையே?" என்று கேட்டேன்.

"கவுனா?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மறுநாள் காலை அவருக்கு டீ போட்டு வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் செத்தது அவர் கையை உயர்த்தி நின்றதால் அல்ல. அவர் அப்போதே "கட்" சொல்லியிருந்தாலும் அந்த ஈயம் அவளை மேலே விட்டிருக்காது. நாடாவைத் தைத்தது நான். உள்ளே போவது வேறு பெண் என்று தெரிந்தே மாட்டிவிட்டதும் நான். அவள் இழுத்துப் பார்க்கிறேன் என்றபோது வேண்டாம் என்றதும் நான். அந்தத் தையல் முழுக்க முழுக்க என் கைவேலை. அதையும் அவர் தன் பெயரில் போட்டுக்கொள்ள நான் விட மாட்டேன்.