மாமி படிக்காமல் விட்ட அத்தியாயம்

கிட்வாய் நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு மாமிகள்.

"என் பொண்ணுக்குத் தமிழ் வாசிக்க வராதே. அந்த மர்மத் தொடரோட ரெண்டாம் பாகத்தை நான்தான் படிச்சுக் காட்டறேன். அதுல அப்பாக்காரன் தன் தங்கையைக் கிணத்துல தள்ற அத்தியாயத்தை மட்டும் விட்டுட்டேன். இவ அத்தை போனதும் கிணத்துலதானே!"

ஜனவரிக் குளிரில் எனக்கு வேர்த்தது.

"ஐயோ, இன்னிக்குக் காலம்பற என்கிட்ட வந்து அதைப் படிக்கச் சொன்னாளே! படிச்சுட்டேன்டி."

"என்ன சொன்னா?"

"'எங்க அத்தையும் இப்படித்தானா, ஆன்ட்டி?'ன்னா. அப்பாவையே கேட்டுக்கறேன்னு போயிட்டா."

"அவர் இன்னிக்கு லீவுடி. ரெண்டு பேரும் ஆத்துல தனியா இருக்கா!"

"ரோக்கோ, பையா, ரோக்கோ!" என்று டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே பெண்ணைப் பெற்ற மாமி கதவுக்குப் பாய்ந்தாள். வீராதிவீரனான நான் என் காலிஃப்ளவர் பையைக் கட்டிக்கொண்டேன். பஸ் நிற்கவில்லை.