ஏழாம் நம்பருக்கு முட்டை

பக்ருதீன்: மரியசெல்வி டீச்சர், ஏழாம் நம்பருக்கு முட்டை போட்ருக்கீக. பேனா மக்கர் பண்ணிருச்சா?

மரியசெல்வி: பேனா நல்லாத்தான் எழுதுது பாய்.

பக்ருதீன்: பத்துக்கு முட்டையா? வீடியோவப் பாத்தீகள்ல... டிரோன்லாம் விட்டு, மலைக்கோட்டையச் சுத்தி...

மரியசெல்வி: மலைக்கோட்டை மேல பஸ் போகுதா?

பக்ருதீன்: ...போகாது.

மரியசெல்வி: பஸ் எங்க வருதுன்னு போன்ல காட்டுற ஆப்பு அது. வீடியோவுக்கா விருது?

பக்ருதீன்: பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடத்துக்கும் இப்பிடித்தான் போடுவீகளா? பாவம் பிள்ளைக.

மரியசெல்வி: அவுக பொய் எழுதுனதில்ல.

பக்ருதீன்: புதுக் கம்பெனிகளுக்கு நம்ம வியாபாரிக சங்கம் மொத மொத குடுக்குற விருது. சாயங்காலம் மேடை. செயலாளர்னு நாந்தான நிக்கணும்? மத்த ரெண்டு நடுவரும் பத்துப் பத்து. உங்க முட்டையால ஏழு கீழ போயிரும்.

மரியசெல்வி: போகட்டும்.

பக்ருதீன்: ஏன் இம்புட்டுக் கோவம்?

மரியசெல்வி: கோவமில்ல. மூணு நாளு சித்தையன்கோட்டை ஸ்டாப்புல போய் நின்னேன்.

பக்ருதீன்: இந்த வெயில்லயா! வீட்ல இருந்தே பாத்துப் போடுங்கன்னுதான சொன்னோம்?

மரியசெல்வி: பஸ் வந்து நிக்குதுன்னு போன்ல காட்டுது. ஸ்டாப்புல நான் நிக்கிறேன், ஒரு ஆடு நிக்குது. பஸ்ஸக் காணோம்.

பக்ருதீன்: சிக்னல் கிக்னல்...

மரியசெல்வி: கண்டக்டர் வேலுசாமியக் கேட்டேன். பஸ்ஸுல ஜி.பி.எஸ். கருவி மாட்டிருக்கோம்னு எழுதிக் குடுத்திருக்காகல்ல? ஒரு பஸ்ஸுலயும் இல்ல. டைம் டேபிள ஓடவிட்டு, பஸ் ஓடுதுன்னு படங்காட்டுறாக.

பக்ருதீன்: சின்னப் பயக டீச்சர். இந்த விருது கெடைச்சாத்தான் கோயமுத்தூர்க்காரரு பணம் போடுறேன்னு...

மரியசெல்வி: எந்தக் கோயமுத்தூர்க்காரரு? நடுவருக்குத் தெரியக்கூடாதுன்னு பேர மறைச்சு நம்பரு மட்டுந்தான குடுத்தீக?

பக்ருதீன்: ...டீ சொல்லவா?

மரியசெல்வி: வேணாம். பொய்ய நம்பி அவரு பணம் போட்டா, நாளைக்கு யாரப் பிடிப்பாக? அந்தப் பயலத்தான? இன்னைக்குன்னா முட்டையோட போயிரும்.

பக்ருதீன்: சரி, யாருக்குத்தான் குடுக்கச் சொல்றீக?

மரியசெல்வி: மூணாம் நம்பர்.

பக்ருதீன்: அட! ரெண்டு பொண்ணுக பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எந்த பஸ் எப்ப வரும்னு வாட்ஸ்அப்ல பேசி அனுப்புறது... அதெல்லாம் ஒரு கம்பெனியா?

மரியசெல்வி: "அகரம் வண்டி டயர் மாத்துது, செத்த நேரம் ஆகும்"னுச்சு ஒரு புள்ள. சொன்ன மாதிரியே ஆச்சு. ஒம்போது போட்ருக்கேன்.

பக்ருதீன்: ஏழுக்கு ஒரு அஞ்சாச்சும்... மூணு?

மரியசெல்வி: பசைய எடுங்க பாய்.

பக்ருதீன்: கவர ஒட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது டீச்சர்.

மரியசெல்வி: அதுக்குத்தான் ஒட்டுறேன். ...ஒட்டியாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. இந்தாங்க, இன்னொரு தாளு.

பக்ருதீன்: இது... "போட்டியில் எனக்கு உறவினர் எவரும் இல்லை"ன்னு மொதல்லயே குடுக்க வேண்டியதாச்சே. "இல்லை"ய அடிச்சு வச்சிருக்கீக?

மரியசெல்வி: ஏழாம் நம்பர் ரொனால்டு என் மகன். மொதல்லயே சொன்னா என்னையத் தூக்கிட்டு, வீடியோவப் பாத்துப் பத்துப் போடுற ஆள உக்கார வச்சிருப்பீக.

பக்ருதீன்: தூக்கியிருக்க மாட்டோம் டீச்சர். உங்கள நடுவராப் போடச் சொன்னதே ரொனால்டுதான்.